உள்ளதில் மோசமான போன்

"உள்ளதுக்குள்ள மோசமான போன் ஆரிட்ட இரிக்கு?"

எங்கள் சங்கக் கட்டிடத்துக்குள் காலடி வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இது. வணக்கம் சொல்லவில்லை. தான் யார், எங்கிருந்து வருகிறாள் என்றும் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, பாயில் இருந்த முப்பது பெண்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

தன்னுடைய போன்தான் மோசம் என்று இத்தனை பேர் முன்னால் எவள் சொல்வாள்? சிலர் மடியில் கிடந்த போனை இன்னும் உள்ளே தள்ளினார்கள். நான் சங்கத்தின் தலைவி. கூட்டம் அப்படி ஊமையாக இருந்தால் எனக்குத்தான் வெட்கம். அதனால் என் போனை எடுத்து நீட்டினேன். சுவிஸில் இருக்கும் என் மூத்த மகன் அனுப்பிய ஐபோன். எங்கள் பனிச்சங்கேணியில் அந்த நாளில் அப்படி நாலைந்துதான் இருந்தன. பூப்போட்ட உறை போட்டு, ஒவ்வொரு நாளும் துடைத்து வைத்திருந்தேன்.

அவள் வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இது நல்ல போன் அம்மா. இது வேணாம்" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

நல்லது என்றுதானே நீட்டினேன்! கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், பின்வரிசையில் இருந்த தெய்வானையைக் கையால் காட்டினேன்.

"அவளிட்ட ஒண்டு கிடக்கு. அதப் போன் எண்டு சொல்லலாமோ எண்டுதான் தெரியல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள், தலையை நிமிர்த்தாமல். வந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. பாய்களைத் தாண்டிப் போய் தெய்வானைக்கு முன்னால் குந்தினாள். தெய்வானை மடியிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்து, அதன் முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தாள். கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு வெடித்திருந்தது. பின்மூடி இல்லை. பட்டரி விழாமல் இரண்டு றப்பர் பட்டி. அதை வந்தவள் தேவாலயத்தில் அப்பம் வாங்குகிறவர்களைப் போல இரண்டு கையையும் சேர்த்து வாங்கினாள்.

"அருமையான போன்" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னாள்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. தான் செய்து தந்த எதிலும், பெயர் போடவேண்டிய இடத்தில் "பிழை கண்டால் சொல்லுங்கள்" என்றுதான் அவள் எழுதி வைப்பாள். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் வீட்டுப் பெண். அப்போது நாற்பது வயது இருக்கும். என் மகளை விட இளையவள் என்பதால் அவள் என்று எழுதுகிறேனே தவிர, மரியாதைக் குறைவாக அல்ல. நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். அவள் என்னைத் தலைவியம்மா என்று கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக, முதல் நாள் கோபத்தை இரண்டாம் நாள் விட்டுவிட்டேன்.

அவள் எதற்காக வந்தாள் என்பதைச் சொல்லவேண்டும். நாங்கள் செய்வது நண்டு. கடலோடு சேர்ந்த களப்புக்குள் கண்டல் மரங்களின் ஓரமாகக் கூடு போட்டு, சதை வைக்காத நண்டுகளை வாங்கி அதற்குள் விட்டு, கழிவு மீன் போட்டுக் கனக்க வைத்து, காலைக் கட்டி உயிரோடு விற்போம். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு எடுக்கிற வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய வண்டி விடியும்போது புறப்படும். அதற்கு முன் யாரிடம் எத்தனை நண்டு தயார் என்று அவருக்குத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பாலத்தடியில் நிற்கும் எங்களிடம் மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அக்கரையில் பன்னிரண்டு பெண்கள் நண்டைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள். வண்டி போகாது. கட்டிய நண்டு வெயிலில் எத்தனை நேரம் உயிரோடு கிடக்கும்? செத்த நண்டை எந்த ஹோட்டல் எடுக்கும்? தெய்வானை அக்கரைக்காரி.

போனிலேயே நண்டுக் கணக்கைச் சொல்கிற மாதிரி ஓர் அப் செய்து தருகிறோம் என்று ஒரு திட்டத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். மாரி தொடங்குமுன் அந்த அப் யார் யார் போனில் ஓடுகிறதோ அவர்களோடு மட்டும் ஒப்பந்தம் என்று வியாபாரியும் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வீட்டின் சோறு அந்த அப்பில் தொங்கியது. அதைச் செய்ய அந்த அதிகாரி அனுப்பிய ஆள்தான் இவள்.

அவளிடம் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே எட்டோ ஒன்பதோ பழைய போன், ஒவ்வொன்றும் கிழிந்த துணியில் சுற்றியிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்டர் ஒட்டி அதன் வருத்தத்தை எழுதியிருந்தாள். "சூடாகும்." "மத்தியானம் அணையும்." "இடப்பக்கம் தொட்டால் கேட்காது." ஆஸ்பத்திரிக் கட்டில்களில் தொங்கும் நோயாளிச் சீட்டு மாதிரி. மாங்கேணியில் ஒருவர் போனை எறியப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அதற்காகவே மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள் என்றால் பாருங்கள்.

"நல்ல போன் பொய் சொல்லும் தலைவியம்மா" என்பாள். "எதப் போட்டாலும் ஓடுது ஓடுது எண்டு காட்டும். உண்மைய இதுகளிட்டத்தான் கேக்கணும்."

போனில் மட்டும் இந்தக் குணம் இல்லை. என் வீட்டுக்கு வந்தால் நல்ல கதிரையை விட்டுவிட்டு, கால் ஆடுகிற கதிரையில் போய் இருப்பாள். எந்தக் கால், எந்தப் பக்கம் சாய்ந்தால் ஆடும் என்று கண்டுபிடித்து ஒரு கடதாசியை மடித்து அண்டைகொடுத்துவிட்டுத்தான் தேத்தண்ணீரைத் தொடுவாள். முதல் மழைக்கு என் வீட்டில் ஒதுங்கியபோது கேட்டாள், "எந்த இடத்தில ஒழுகும்?" என்று. என் வீடு ஒழுகாது என்றேன். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அலுமாரிக்கு மேலே ஒரு சொட்டு விழுந்தது. "நன்றி" என்று கூரைக்குச் சொன்னாள். எனக்கோ அந்தச் சொட்டை அவள்தான் வரவழைத்தாள் என்று தோன்றியது.

என் தம்பி மகளின் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் நேரே சமையற்காரரிடம் போய், "இண்டைக்கு எது பழுதாப் போச்சு?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனிசன் அகப்பையோடு எழும்பினார். நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். கொஞ்சம் பொறுத்து அவரே அவளைப் பின்பக்கம் கூப்பிட்டு, "பாயாசம் அடிப்பிடிச்சிட்டு மிஸ், ஏலக்காயப் போட்டு மறைச்சிட்டன், ஆருக்கும் சொல்லிப்போடாதிங்க" என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருடச் சமையலில் அவர் ஒருவரிடமும் இப்படிச் சொன்னதில்லையாம். அவளிடம் பிழையைச் சொன்னவர்களுக்கு மனம் லேசாகிவிடும். அது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனி, அப்பை எந்த வழியில் செய்வதென்று தெரிவுசெய்த கதை.

எங்கள் பெண்களிடம் இரண்டு வகைப் போன் இருந்தது. இங்கே கடையில் வாங்கிய ஆண்ட்ரொயிட், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய ஐபோன். ஒன்றுக்கு எழுதினது மற்றதில் ஓடாதாம். இரண்டு தரம் எழுதினால் இரண்டு தரம் திருத்தவேண்டும், அதற்கு ஆள் இல்லை. ஒரே தரம் எழுதி இரண்டிலும் ஓடவைக்க வழிகள் இருக்கின்றன, அதற்குப் பெயர் பிரேம்வேர்க் என்றாள். எந்தப் பிரேம்வேர்க் என்பதை முதலிலேயே எடுக்கவேண்டும். பாதி வேலையில் மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வரவேண்டும்.

பாயில் மூன்று போனை வைத்து மூன்று வழியைக் காட்டினாள். பெயர்களைச் சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றாவது, பொத்தான், எழுத்து எல்லாவற்றையும் தானே வரையும். அதனால் எந்தப் போனிலும் ஒரே முகம். வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் தன் சாமான் முழுவதையும் தானே தூக்கிக்கொண்டு வரும், போனில் நிறைய இடம் கேட்கும். இரண்டாவது, அந்தந்தப் போனில் உள்ள பொத்தான்களையே வாங்கிப் பாவிக்கும். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு முகம், அதுவும் இடம் கேட்கும். மூன்றாவது, இணையப் பக்கம் மாதிரி எழுதி ஒரு சின்னப் பெட்டிக்குள் மடித்து வைப்பது. அது மெதுவாகத்தான் அசையும். பார்க்கவும் வடிவு குறைவு. ஆனால் பிடிக்கிற இடம் கொஞ்சம்.

"இணையப் பக்கமெண்டா அக்கரையில சிக்னல் இல்லாட்டி என்ன செய்ற?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பக்கமெல்லாம் பெட்டிக்குள்ளயே இரிக்கும். சிக்னல் இல்லாட்டியும் திறக்கும். நீங்க அமத்தினத வைச்சிரிந்து, சிக்னல் வரக்குள்ள அனுப்பும்."

அக்கரையில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் வாடைக்காற்றுப் பட்ட மாதிரி சிக்னல் வரும், போகும். அது போதும் என்றார்கள். எனக்கு மட்டும் ஒன்றாவதுதான் பிடித்தது. ஒரு சங்கம் ஊருக்கு முன்னால் ஒன்றை வைக்கிறதென்றால் வடிவாக வைக்கவேண்டாமா?

அவளும் ஒன்றாவதில் இருந்தே தொடங்கினாள். தெய்வானையின் போனைச் சொப்பிங் பேக்குக்குள் போட்டு, என்னிடம் ஒரு பேசின் களப்புத் தண்ணீர் கேட்டு, இரண்டு கையையும் அதில் நனைத்தாள். நண்டுக்காரியின் கை காய்ந்திருக்காது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். எந்தப் போனில் எதை ஓடவிடுமுன்னும் அவள் அதைச் செய்வாள்.

"மிஸ், எங்கட பிள்ளையாருக்கும் ஒருக்காச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பாத்தாத்தான் அந்தப் போன் அசையும்" என்றாள் ஒருத்தி.

"பிள்ளையாருக்கு நேற்றே சொல்லிட்டன். அவர் தெய்வானையிட போனக் கண்டிட்டு யோசிக்கிறார்" என்றாள் இவள். தெய்வானை அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்திச் சிரித்தாள்.

ஆனால் போன் அசையவில்லை. இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. அவள் உள்ளே என்ன நிறைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். ஒன்றையும் தொடவில்லை. மூடி, துடைத்து, பேக்கில் போட்டு, முடிச்சுப் போட்டுத் தெய்வானையிடம் கொடுத்தாள்.

"மறுகா பாப்பம். நான் வியாழக்கிழமை வாறன். எந்த வழியெண்டு முடிவெடுக்கத் திட்டத்துச் சேர் வெள்ளிக்கிழமை வாறார்."

அந்த இடைவெளியில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்புத்தான் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் போன் எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. போன் நிறைந்தால் தேவையில்லாததை எப்படி அழிப்பது என்று மகன் சுவிஸிலிருந்து படம் காட்டிச் சொல்லித் தந்திருந்தான். தெய்வானையின் போன் மறுத்தால் அவள் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பாள். வெள்ளிக்கிழமை அதிகாரி வரும்போது எங்கள் சங்கத்துப் போன் ஒன்று மறுக்கக்கூடாது. தலைவி சும்மா இருக்கலாமா? தோணியில் அக்கரைக்குப் போனேன்.

தெய்வானை நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலால் நண்டை அமத்திப் பிடித்தபடி இரண்டு கையாலும் கயிற்றைச் சுற்றுகிற நேரம். "போனத் தா" என்றேன். கண்ணால் மடியைக் காட்டினாள், நானே எடுத்தேன்.

வட்ஸ்அப்பைத் திறந்தேன். அதற்குள் கீழே கீழே போகப்போக ஒரே மாதிரிக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு துண்டு முட்கம்பி வேலி மாதிரி. எழுத்து இருந்தால் கூட்டியாவது வாசித்திருப்பேன். படம் இருந்தால் கண்டிருப்பேன். ஒன்றும் இல்லாத வெறும் கோடு, நூற்றுக்கணக்கில். குப்பை என்று நினைத்தேன்.

"அக்கா, அது மகள்ட..." என்று தொடங்கினாள் தெய்வானை.

"சும்மா இரு கா. எனக்குத் தெரியும்" என்றேன்.

கை நிறைய நண்டு. அவள் எப்படித் தடுப்பாள்? தடுத்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? எல்லாவற்றையும் தெரிவுசெய்து, அழித்துவிட்டு, பேக்கில் போட்டு முடிச்சும் போட்டு வைத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அவள் வந்து தெய்வானையின் போனைத் திறந்தாள். முகம் மாறியது.

"இடம் எங்கால வந்த?"

"நான்தான் செய்தன்" என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன். "குப்பையெல்லாம் கிளியர் பண்ணிட்டன். இனி நீங்க போடுங்க."

அவள் போடவில்லை. சிலுவையும் போடவில்லை. தெய்வானையைப் பார்த்து, "என்ன இரிந்த அதில?" என்று மெல்லக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. தெய்வானையின் ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இரண்டு வருடமாக, நேரம் கிடைக்கும்போதெல்லாம் தாய்க்குக் குரலில் பேசி அனுப்பியிருக்கிறாள். தெய்வானைக்கு ஓரெழுத்தும் தெரியாது. அந்தக் கோடுகள்தான் அவளுக்கு வந்த கடிதங்கள். நண்டுக்குத் தீன் போடும்போது ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பாளாம்.

நான் ஒன்றும் சொல்லுமுன் தெய்வானையே சொன்னாள்: "பரவால்ல அக்கா. எல்லாம் எனக்கு மனப்பாடம்."

சொல்லிவிட்டு, மகள் பேசின மாதிரியே பேசிக்காட்டினாள். "அம்மா, நான் சாப்பிட்டன். இண்டைக்கு மீன். இஞ்சத்த மீனில ருசியே இல்ல. நீங்க கயித்த ஈரமா வச்சிக் கட்டாதிங்க, கை புண்ணாகும். மறுகா எடுக்கிறன்." குரல் தெய்வானையின் குரல்தான், ஆனால் இழுவை வேறு ஒரு பிள்ளையின் இழுவை. ஒன்று முடிய அடுத்ததைத் தொடங்கினாள். நான் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

மிஸ் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பிழை என்னிலயும் இரிக்கு தலைவியம்மா" என்றாள். "உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு நான் கண்டன். கண்டிட்டு, இதத் தொடாதிங்க எண்டு உங்களிட்டச் சொல்லாமப் போயிட்டன்."

பிறகு அழுவதற்கும் நேரம் கொடுக்கவில்லை. மகளின் நம்பரைக் கேட்டாள். அனுப்பினவள் போனில் அனுப்பினது இன்னும் இருக்கும், அங்கே வெள்ளிக்கிழமை லீவு, திருப்பி அனுப்பச் சொல்வோம் என்றாள். அப்படியே மகளுக்குச் சொல்லியும் அனுப்பினாள். அங்கிருந்து ஒரு குரல் வந்தது: "ஏன் அம்மா, என்ன நடந்த?" தெய்வானை என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனுக்குச் சொன்னாள்: "ஒண்டுமில்ல மகள். போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டு."

வெள்ளிக்கிழமை காலை கட்டிடத்தில் தெய்வானையின் போனை நடுப்பாயில் வைத்தோம். என் போனிலிருந்து அதற்கு இணையம் கொடுத்தேன். என் நல்ல போன் அந்தக் கதையில் செய்த ஒரே உதவி அது. எட்டு மணியிலிருந்து வரத் தொடங்கின. டிங். டிங். ஒவ்வொரு சத்தத்துக்கும் தெய்வானை தலையை ஆட்டினாள், எண்ணுகிற மாதிரி. எல்லாம் வரவில்லை. மகள் இடையில் ஒரு தரம் போன் மாற்றியிருந்தாளாம். குவைத்துக்குப் போன புதிதில் பேசின முதல் மாதங்கள் வரவில்லை. அவை இனி தெய்வானையின் வாயில் மட்டும்தான்.

சத்தம் நின்றதும் மிஸ் போனை எடுத்துப் பார்த்தாள். பழையபடி நிறைந்துவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் இடம், ஒரு சின்ன வீடியோவுக்கும் போதாது.

"இதுக்குள்ள எது அடங்குதோ அதுதான்" என்றாள்.

சிலுவை போட்டாள். மூன்றாவதைப் போட்டாள். அடங்கியது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். தன் புதுப் போனில் ஒன்றாவது வழியில் செய்வித்த மாதிரி ஒன்றைக் காட்டினார். திறந்ததும் ஒரு சிவப்பு நண்டு இரண்டு கொடுக்கையும் ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"சேர், நண்டக் கட்டாம விட்டிரிக்கிங்க. வியாபாரியக் கடிக்கப்போகுது" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். கட்டிடம் சிரிப்பில் அதிர்ந்தது. அவரும் சிரித்தார்.

பிறகு மிஸ் தன் தெரிவைச் சொன்னாள். அதிலும் தன் குணத்தை விடவில்லை. முதலில் தான் எடுத்ததன் குறைகளைத்தான் சொன்னாள். இது மெதுவாகத்தான் திறக்கும். நண்டு நடக்காது. பின்னால் பெரிய வேலை ஏதும் சேர்ப்பதென்றால் இது தாங்காது, அப்போது மாற்றவேண்டி வரும். அதற்குப் பிறகுதான் நல்லதுக்கு வந்தாள். சிக்னல் இல்லாமலும் திறக்கும், நனைந்த கைக்கும் கேட்கும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் இந்த வேலை தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர், தான் இல்லாவிட்டாலும் திருத்துவார்கள். கடைசியாக, உள்ள இடத்துக்குள் அடங்கும்.

"இடந்தானே பிரச்சினை?" என்றார் அதிகாரி. "பழைய வொய்ஸ் மெசேஜ் ஏதும் கிடந்தா அழிச்சா முடிஞ்சிது. அதுக்காக ஒரு வடிவான அப்ப விடலாமா?"

மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு எழும்ப மனம் வந்திருக்காது. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியும் சொல்லமாட்டாள். நான் தலைவி.

எழும்பினேன்.

"அழிச்சுப் பாத்தம் சேர். அழிச்சது நான்தான். அது மெசேஜ் இல்ல, அவளுக்கு மகள் போட்ட கடிதம். எனக்குத் தெரியுமெண்டு நினைச்சு அழிச்சன். எல்லாம் திரும்பி வரல்ல. இனி இந்தச் சங்கத்தில அப் போடுறத்துக்கெண்டு ஒருத்தியிட போனிலயும் ஒண்டும் அழிக்க விடமாட்டன்."

சொல்லிவிட்டுப் பாயில் குந்தினேன். அந்தச் சமையற்காரருக்கு எப்படி மனம் லேசானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிகாரி தெய்வானையின் போனை, பேக்கோடு, கையில் எடுத்தார். மிஸ் தண்ணீர்ப் பேசினை அவர் பக்கம் தள்ளினாள். அவர் முழுக்கைச் சட்டையை மடித்து, கையை நனைத்தார். அந்த அப்பில் மூன்றே பொத்தான். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: கட்டிய நண்டு, வெறும் கூடை, உதிக்கிற சூரியன். இருக்கு, இல்லை, நாளைக்கு. அவர் கட்டிய நண்டை அமத்தினார். மெதுவாக, மூச்சு வாங்குகிற மாதிரி, அந்தப் போன் "சரி" என்று காட்டியது. பிஸ்கட் டின்னில் இருந்த போன்களிலும் ஒவ்வொன்றாக அமத்தினார். கடைசியில், "நண்டு நடக்காட்டிப் பரவால்ல" என்றார்.

தெரிவுக் கடதாசியில் தலைவி கையெழுத்து வைக்கவேண்டும். அதுவரை எந்தக் கடதாசியையும் செயலாளர் வாசித்துச் சொல்ல, நான் ஓம் என்று வைத்துவிடுவேன். அன்றைக்கு வாங்கி நானே வாசித்தேன். எழுத்து எழுத்தாக, விரலை வைத்து. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். மிஸ், கட்டிடத்திலும் கால் ஆடுகிற கதிரை ஒன்றைக் கண்டுபிடித்து இருந்து, ஆடாமல் காத்திருந்தாள். "தெரிவுக்கான காரணம்" என்ற இடத்தில் ஒரு வரிதான் இருந்தது. "இந்தச் செயலிக்காக எவரும் தம் போனிலிருந்து எதையும் அழிக்க வேண்டியதில்லை." என் பெயர் இல்லை. நடந்ததும் இல்லை. கீழே கையெழுத்து வைத்தேன், முழுப் பெயரும்.

மாரி தொடங்குமுன் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். முதல் நாள் விடிய வியாபாரியின் வண்டி பாலத்தைத் தாண்டி அக்கரைப் பாதையில் திரும்பினதை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். தெய்வானை அமத்தின நண்டு பதினாறு. பதினாறும் உயிரோடு போயின.

அடுத்த வருடம் மிஸ் தாயைக் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவில் இருக்கும் தமையனிடம் போனாள். பிஸ்கட் டின்னைக் கம்பஸ் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்வி. எனக்கு நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் வாழ்த்தோடு, ஒரு குரல் அனுப்புவாள். எழுதமாட்டாள். "தலைவியம்மா, இப்ப எது பழுதாக் கிடக்கு?" என்றுதான் ஒவ்வொரு வருடமும் தொடங்கும். நான் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் அனுப்பிய குரல்களில் ஒன்றையும் நான் அழித்ததில்லை.

போன மாதம் கம்பஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பைப் புதுப்பிக்கவேண்டுமாம். மழைக்கால அறிவிப்பு, விலை என்று இன்னும் சில சேர்க்கிறார்கள். அதற்குப் பழைய வழி தாங்குமா, புது வழியா என்று பார்க்க வந்திருந்தாள். உள்ளே வந்து, வணக்கம் சொல்லிவிட்டு, மடிக்கணினியை விரிக்கத் தொடங்கினாள்.

"பொறுங்க மகள்" என்றேன். "முதல் ஒரு கேள்வி கேக்கணும். அதக் கேக்காம இந்தக் கட்டிடத்துக்குள்ள ஒண்டும் தொடங்கிறல்ல."

நானே கேட்டேன். இந்தத் தரம் ஒருத்தியும் போனை ஒளிக்கவில்லை. அவரவர் எடுத்து, என்னுடையதுதான் மோசம், உன்னுடையதுதான் மோசம் என்று பாயில் வைத்து ஒப்பிட்டார்கள். தெய்வானையிடம் இப்போது மகள் கொண்டுவந்து கொடுத்த புதுப் போன். பழையதை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள், குரல்களோடு அலுமாரியில் வைத்திருக்கிறாள். அவள்தான் முதலில் சொன்னாள், சிரிப்பை அடக்கமுடியாமல்:

"அக்காட போனத்தான் பாருங்க. அதப் போன் எண்டு சொல்லலாமோ எண்டுதான் தெரியல்ல."

உண்மைதான். பட்டரி மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது. புதிதாக எதைப் போடப் போனாலும் நான் பழையவள், என்னால் ஏலாது என்கிறது. மகன் வேறொன்று அனுப்புகிறேன் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டான். நான்தான் வேண்டாம் என்றிருக்கிறேன்.

பூப்போட்ட உறையைக் கழற்றினேன். எல்லாரும் பார்க்க, கையை உயர்த்தி, அந்தப் பிள்ளையிடம் நீட்டினேன்.

"இந்தாங்க. உள்ளதுக்குள்ள மோசமான போன் என்னிட்டத்தான் இரிக்கு."